இன்று எதுவும் வாங்கவில்லை

ஜூன் 2, ஞாயிறு

காலையில் குழலி போன் செய்தாள். தலைப்பிரசவத்துக்கு இங்கே வருகிறாளாம். ஆனால் இரண்டு நிபந்தனை. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், நான் மூக்கைச் சிந்திவிட்டு வளர்த்தவள், எனக்கு நிபந்தனை போடுகிறாள்.

ஒன்று, அம்மாவின் அறையைக் காலி செய்ய வேண்டும். இரண்டு, குழந்தை பிறக்கிற வரைக்கும் நான் எந்தப் பொருளும் வாங்கக் கூடாது. சாப்பாட்டுச் சாமான், மருந்து, இரண்டும் வாங்கலாம். மற்றபடி ஒன்றும் கூடாது.

"ஒரு ஊக்கு கூடவாட்டி?" என்று கேட்டேன்.

"ஊக்கு கூடத்தான். சும்மா சொல்லலக்கா. நீ ஏதாவது வாங்குனன்னு தெரிஞ்சா அன்னைக்கே சங்கரன்கோவிலுக்குத் திரும்பிருவேன். அத்தை அங்கனயே பிரசவம் பாத்துக்கிடுதேன்னுதான் சொல்லுதாவ."

அத்தை என்றால் அவள் மாமியார். அப்பா அம்மா இல்லாத பிள்ளைக்கு அக்கா வீடுதான் தாய்வீடு. நான் குத்துக்கல்லாட்டம் இங்கே இருக்கும்போது தலைப்பிரசவம் மாமியார் வீட்டில் என்றால், அப்புறம் பாளையங்கோட்டையில் நான் எதற்கு? சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டரை வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவள். மொட்டை போட்டுக்கொள் என்றாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஏன் மிதிக்கவில்லை என்பதை அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இந்த நோட்டு, ஏழு நோட்டுகள் அடங்கிய ஒரு பாக்கெட்டில் ஒன்று. போன வருஷம் வாங்கியது. மற்ற ஆறும் பிரிக்காமல் கிடக்கின்றன. தினமும் எழுதினால் வாக்குத் தவறாது என்று எடுத்தேன்.

ஜூன் 3, திங்கள்

இன்று எதுவும் வாங்கவில்லை.

ஜூன் 5, புதன்

இன்று எதுவும் வாங்கவில்லை.

கல்லூரி ஆபீஸிலிருந்து வந்ததும் அம்மாவின் அறைக்குள் போகப் பார்த்தேன். கதவு பாதிதான் திறக்கிறது. பின்னால் பெட்டிகள். ஒருக்களித்து நுழைந்து, கண்ணில் பட்டதை மட்டும் பார்த்தேன். காய் வெட்டும் கருவி நான்கு. தண்ணீர் பாட்டில் பதினொன்று. சப்பாத்தி அமுக்குகிற மெஷின். நடைப்பயிற்சிக்கு ஷூ, பெட்டியோடு. ஆறு கம்பளிப் போர்வை. பாளையங்கோட்டை வெயிலில் ஆறு கம்பளிப் போர்வை. அன்றைக்குத் தள்ளுபடி என்று ஞாபகம்.

எல்லாம் தேவைப்படும் என்று வாங்கியதுதான். ஒரு வீடு என்றால் நாலு சாமான் இருக்கத்தான் செய்யும்.

ஜூன் 9, ஞாயிறு

எதிர்வீட்டு எஸ்தர் டீச்சர் சர்ச்சிலிருந்து திரும்பியதும் கூடமாட உதவ வந்தார். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாய்க்கு இன்னும் ரிட்டயர்மெண்ட் வரவில்லை.

ஒவ்வொரு பெட்டியையும் தூக்கிப் பிடித்து, "இது எதுக்கு வாங்கின?" என்று கேட்டார். முதல் பத்துக்குப் பதில் சொன்னேன். பிறகு "தெரியல டீச்சர்" என்றேன். அதற்குப் பிறகு அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் சர்ச் பெண்கள் விடுதியிலிருந்து ஒரு ஆட்டோ வந்து முதல் நடை ஏற்றிக்கொண்டு போனது. ஐந்து கம்பளிப் போர்வையும் அதில் போயின. ஆறாவதை டீச்சரே எடுத்து என் கட்டில்மேல் போட்டார்.

"நீ இதப் போத்து. கொடியில கெடக்கே, அந்த இத்துப்போனதத் தூக்கிப் போடு."

கொடியில் என் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை துவைப்பது வழக்கம்.

"ரெட்டையா மடிச்சுத் தச்சிருக்கியே, இது..." என்று டீச்சர் அதன் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"போர்வை டீச்சர்" என்றேன்.

மூலையில் பிரவுன் டேப் ஒட்டிய ஒரு பெட்டி இருந்தது. அதை நானே எடுத்து என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் என்னவோ போல இருந்தது.

இன்று எதுவும் வாங்கவில்லை.

ஜூன் 12, புதன்

இன்று எதுவும் வாங்கவில்லை. ஆனால் பார்த்தேன். பார்ப்பதற்கு நிபந்தனை இல்லை.

ஏழு மணிதான் சங்கடம். சாப்பாடு முடிந்துவிடும். டிவியில் ஒருத்தி இன்னொருத்தியைக் கன்னத்தில் அறைந்துகொண்டிருப்பாள். கை தானாகப் போனை எடுக்கும். வாங்கின பிறகு மூன்று நாளுக்கு ஒரு எதிர்பார்ப்பு. பிறகு கூரியர் ஆறுமுகம் வந்து பெல் அடித்து, "பிரமநாயகி மேடமா?" என்பார். இத்தனை வருஷமாக வருகிறார், இன்னும் பெயரைக் கேட்டுத்தான் தருகிறார். ஆபீஸில் எல்லோருக்கும் நான் "மேடம்". தெருவில் "எதிர்வீடு". முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அவர் ஒருத்தர்தான்.

பத்து நாளாக பெல் அடிக்கவில்லை.

ஜூன் 15, சனி

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று ஒரு பெண் தெருவில் கூவிக்கொண்டு போனாள். அம்மாவின் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அம்மாவின் பழைய நூல் சேலைகள், அப்பாவின் வேட்டிகள், துண்டுகள், எல்லாம் சாயம் போய், நூல் நைந்தவை. ஒரு மூட்டை தேறியது. முதலில் ஒரு டிபன் டப்பாவை நீட்டினாள். "என்னம்மா வெளையாடுதியா?" என்று அரை மணி நேரம் வாதாடி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவுக்குப் பெரிய ரோஸ் கலர் பேசின் ஒன்றை வாங்கிவிட்டேன்.

வாங்கவில்லை. மாற்றினேன். இரண்டும் ஒன்றில்லை.

அறை காலி. இன்று எதுவும் வாங்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

சங்கரன்கோவிலில் வளைகாப்பு. கை நிறைய வளையலோடு குழலியை அழைத்துக்கொண்டு சாயங்காலம் வந்து சேர்ந்தேன். அம்மாவின் அறை வாசலில் நின்று பார்த்தாள். கட்டில், ஒரு மேசை, ஒரு விசிறி, மூலையில் அம்மாவின் இரும்புப் பெட்டி. அவ்வளவுதான்.

"யக்கா, இந்த ரூமுக்கு ஜன்னல் இருக்கதே எனக்கு மறந்துபோச்சு" என்றாள்.

போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இரும்புப் பெட்டியைக் காட்டி, "அம்மாவோட சாம்பல் கலர் சேலை இதுலதான இருக்கு? செவப்புக் கரை போட்டது. அம்மா அடுப்படியில நிக்கும்போதெல்லாம் அதத்தான கட்டியிருக்கும்" என்று கேட்டாள்.

"இருக்கும், இருக்கும். மொதல்ல மொகத்தக் கழுவு" என்றேன்.

எனக்கு இன்றைக்குச் சந்தோஷம். அதை எழுதி வைக்கிறேன்.

ஜூன் 30, ஞாயிறு

இன்று எதுவும் வாங்கவில்லை.

மிக்ஸி ஜார் ஒழுகுகிறது. போன மாதமாக இருந்தால் புது மிக்ஸி வந்திருக்கும். வாஷர் ஒன்று போதும் என்று மார்க்கெட் பக்கம் கடையில் சொன்னார்கள். வாஷர் பொருளா, ரிப்பேரா என்று குழலியிடம் கேட்டேன். "ரிப்பேர்" என்று பெருந்தன்மையாகத் தீர்ப்புச் சொன்னாள். கால் வைத்துக்கொள்ள எஸ்தர் டீச்சர் வீட்டிலிருந்து ஒரு மரமுக்காலி. தலையணை என்னிடம் இருந்ததில் ஒன்று. இரண்டு பேருக்கு இவ்வளவுதான் வேண்டியிருக்கிறது. கொஞ்சம் அவமானமாகக்கூட இருக்கிறது.

ஏழு மணிக்கு இப்போதெல்லாம் தாயம் உருட்டுகிறோம். அழுகுணி ஆட்டம் ஆடுகிறாள். வயிற்றுப்பிள்ளைக்காரி என்று விட்டுக்கொடுக்கிறேன்.

என் போர்வையை இப்போது கொடியில் போடுவதில்லை. என் அறை ஜன்னலிலேயே காயப்போடுகிறேன். கொடியில் இடமில்லை.

ஜூலை 6, சனி

வெக்கை. தலைவலி. குழலிக்குக் கால் வீங்கியிருக்கிறது. மழை பெய்ததிலிருந்து கொசு தாங்கவில்லை. கீரைக்கூட்டு வைத்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

இன்று எதுவும் வாங்கவில்லை.

ஜூலை 10, புதன்

சனிக்கிழமை எழுதாமல் விட்டதை இன்று எழுதித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை நான் வாங்கினேன். குழந்தைக்குக் குடை மாதிரி விரிகிற கொசுவலை. கொசு அப்படிக் கடிக்கிறது. பிறந்த பிறகு கொடுத்தால் போயிற்று, அதுவரை ஆபீஸில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முகவரியை மாற்ற மறந்துவிட்டேன்.

இன்று ஆறு மணிக்கு பெல் அடித்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். "பிரமநாயகி மேடமா? பேபி ஐட்டம் மேடம்" என்ற குரல் குளியலறைக்குள் கேட்டது. ஈரத்தலையோடு ஓடி வந்தேன். குழலி கையில் பெட்டி இருந்தது.

போன தடவையும் இதே வாசல். இதே ஆறுமுகம். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். நான் பதினொரு சட்டை, குல்லா, கிலுகிலுப்பை எல்லாம் வாங்கிக் குவித்திருந்தேன். பிறக்கும் முன்னால் வாங்கக் கூடாது என்று ஊரே சொல்லும், நான் கேட்கவில்லை. எல்லாம் கலைந்துபோய், ஆஸ்பத்திரியிலிருந்து அவளை இங்கே கூட்டி வந்த மறுநாள், கடைசியாக வாங்கின பார்சல் வந்தது. அவள்தான் கதவைத் திறந்தாள். இதே வார்த்தையைச் சொல்லித்தான் கொடுத்தார் அந்த மனுஷன். அவருக்கு என்ன தெரியும்?

இன்றைக்குக் குழலி கத்தவில்லை. பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் பையை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

"பிள்ளைக்குக் கொசு கடிக்கும்னுதாண்டி..."

"பிள்ள இன்னும் பொறக்கலக்கா. நீ எனக்காகவா வாங்குத? ஒனக்காக வாங்குத. ஒரு வாக்கு கேட்டேன். வேற என்ன கேட்டேன் ஒன்கிட்ட?"

எனக்குப் பயமாகிவிட்டது. "போயிராதட்டி" என்றேன். "நீ போயிட்டேன்னா இந்த வீட்டுல பேச்சுச் சத்தமே இருக்காது. அம்மா போனதுல இருந்து எனக்கு அது முடியல. பெல் அடிச்சாத்தான் மனுசி உயிரோட இருக்கேன்னு தெரியுது." இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அசிங்கமாக இருந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவள் பை அடுக்குவது நின்றதா, முடிந்ததா தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "சோறு போடு. காலையில முடிவு சொல்லுதேன்" என்றாள்.

ஜூலை 11, வியாழன்

ஆபீஸுக்கு லீவு போட்டேன். ஆறுமுகத்தை வரச்சொல்லி, பிரிக்காத பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். "இனிமே கொஞ்ச நாளைக்கு வர வேண்டியிருக்காதுங்க" என்றேன். "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே மேடம்?" என்று கேட்டார். நல்ல மனுஷன்.

குழலி குனிய முடியாமல் குனிந்து என் கட்டிலுக்கு அடியிலிருந்து பிரவுன் டேப் பெட்டியை இழுத்தாள். அது அங்கே இருப்பது அவளுக்கு வந்த அன்றே தெரியுமாம். இரண்டு பேருமாகப் பிரித்தோம். பதினொரு சட்டையையும் ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பார்த்தாள். அழுதாள். நானும் அழுதேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "டீச்சர்கிட்ட குடுத்து யாருக்காவது போடச் சொல்லு. புதுசாவே கெடந்து மக்க வேண்டாம்" என்றாள்.

போனில் கடைகளையெல்லாம் அழித்தேன். அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே அமுக்க வேண்டும் என்று சொன்னாள்.

பையிலிருந்த துணி திரும்பவும் அலமாரிக்கு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 7, புதன்

இன்று எதுவும் வாங்கவில்லை. இருபத்தெட்டு நாளாகப் பார்க்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு பட்டியல் சொன்னார். அதில் முதல் வரி: பிள்ளையைச் சுற்ற பழைய நூல் துணி, ஆறு துண்டு. "புதுசு வேண்டாம்மா, உறுத்தும். நெறைய தடவ துவைச்சதா, மெத்துனு இருக்கணும்."

வெளியே வந்ததும் குழலியின் மாமியாரும் போனில் அதையே சொன்னார். "பதினாறு நாளைக்குப் பழந்துணிதான் சுத்தணும். மொதத் துணி தாய்வீட்டுத் துணியா இருக்கணும். ஒங்கம்மா சேலை இருக்கும்லா, பிரமு?"

"இருக்கும் அத்தை" என்றேன். குழலி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து என் பீரோவைத் திறந்தேன். நாற்பது சேலை இருக்கும். இரண்டு தடவைக்கு மேல் கட்டியது ஒன்றுகூட இல்லை. கத்தை கத்தையாக மொடமொடவென்று நிற்கின்றன. துண்டுகள் புதிது. படுக்கை விரிப்பு புதிது. ஒரு பழைய துணிக்கு இந்த வீட்டில் வக்கில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பாத்திரக்காரியைத் தேடி டவுன் பக்கம் அவர்கள் குடியிருக்கிற தெருவுக்குப் போனேன். ஆளைக் கண்டுபிடித்தேன். "அதெல்லாம் அப்பவே போயிருச்சும்மா. மெஷின் தொடைக்கக் கிழிச்சு வித்துருவாங்க" என்றாள். பேசின் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

வேறு வழியில்லாமல் குழலியிடம் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"அம்மா சேலை பூராத்தையுமா? அந்தச் செவப்புக் கரையுமா?"

நான் பேசினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ பிள்ளைய பேசின்லயே சுத்தி வச்சிருவமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எஸ்தர் டீச்சர் வீட்டில் கேட்டேன். "என்கிட்ட எல்லாம் பாலியஸ்டர் பிரமு. பிள்ளைக்கு வேர்க்குரு போட்டுரும்" என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"ஒன் போர்வை இருக்குல்லா?"

"அது போர்வை டீச்சர்."

"ஓரத்தத் தையல் பிரிச்சா என்னவா இருக்கும்?"

வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

அது போர்வைதான். மூன்று வருஷமாகப் போர்வைதான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சாயங்காலம் குழலிக்கு லேசாக வலி. சூட்டு வலியாக இருக்கும் என்று நர்ஸ் போனில் சொன்னார். காலையில் கூட்டி வரச்சொன்னார். பையில் எல்லாம் வைத்தாயிற்று, முதல் வரி தவிர. குழலி அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

மத்தியானம் இரண்டு பத்துக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. தாயும் பிள்ளையும் சுகம்.

காலையில் ஐந்தரைக்கு எழுந்து போர்வையின் தையலைப் பிரித்தேன். கரை உள்ளே போகும்படி மடித்து நானே தைத்தது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன அன்று அவள் கட்டியிருந்த சேலை. அங்கே மாற்றிவிட்டு ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். அவளுக்குத் திருப்பிக் கட்டிவிட வாய்ப்பு வரவில்லை. அதை இரும்புப் பெட்டியில் நான் வைக்கவே இல்லை. முதல் கொஞ்ச நாள் அதில் அவள் வாசம் இருந்தது. பிறகு சோப்பு வாசம்தான். இருந்தாலும் அது இல்லாமல் எனக்குக் கண் மூடாது.

வீட்டில் கத்தரிக்கோல் நான்கு. மூன்று பிரிக்காதது. பழையதை எடுத்தேன். முதல் வெட்டுக்குக் கை வரவில்லை. அடுத்த அறையில் குழலி "யக்கா, டாக்ஸி சொல்லிட்டியா?" என்று முனகிக்கொண்டே கேட்டாள். வெட்டிவிட்டேன். ஆறு துண்டு. வெந்நீரில் அலசி, இஸ்திரி போட்டே காயவைத்து, பையில் வைத்தேன்.

நர்ஸ் பிள்ளையைச் சுற்றிக் கொண்டுவந்து குழலி பக்கத்தில் வைத்தார். பிள்ளையின் தாடைக்குக் கீழே சிவப்புக் கரை தெரிந்தது. குழலி அதை விரலால் தடவினாள். இன்னொரு தடவை தடவினாள்.

"யக்கா, இது..."

"வாங்கலட்டி. வீட்டுல இருந்ததுதான்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். அவள் என் தங்கை, கழுதைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அப்போ ஒனக்குப் போத்த?" என்று கேட்டாள்.

"புதுசு ஒண்ணு கெடக்கு. டீச்சர் எடுத்து வச்சது."

"இனி நீ வாங்கலாம்க்கா. வாக்கு முடிஞ்சுபோச்சு. பிள்ளைக்கு என்ன வாங்கப் போற?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே யோசித்தேன். பிள்ளை கொட்டாவி விட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பதில் சொல்ல மறந்துபோயிற்று.

ஆகஸ்ட் 28, புதன்

பிள்ளையோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். ரோஸ் பேசின் பிள்ளைக்குப் பெரிது. துணி ஊறவைக்கச் சரியாக இருக்கிறது. ஆறு துண்டும் மாற்றி மாற்றிப் போய்க்கொண்டிருக்கின்றன. துவைத்துக் கொடியில் போட்டேன். பக்கத்தில் என் கம்பளிப் போர்வையையும் போட்டேன். நாலு நாள் போர்த்திப் பார்த்தாயிற்று. கழுத்தில் குத்துகிறது. நிறைய தடவை துவைத்தால் சரியாகும்.